கல்லூரி மாறியவரின் குரல்

மாற்றுச் சான்றிதழ் என்பது ஒரு மாணவர் ஒரு கல்வி நிறுவனத்திலிருந்து முறைப்படி விலகினார் என்று அந்நிறுவனமே கையெழுத்திட்டுத் தரும் தாள்; வீட்டிலும் கல்லூரி அலுவலகத்திலும் அது டி.சி. என்ற பெயரிலேயே புழங்குகிறது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள், கட்டண பாக்கி உண்டா இல்லையா என்ற குறிப்பு, ஒழுக்கத்துக்கு ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல், பல படிவங்களில் உடலிலுள்ள இரண்டு மச்சங்கள் ஆகியவை அதில் வரிசையாக இடம்பெறுகின்றன. விலகியதற்கான காரணத்தைக் கேட்கும் கட்டமும் பெரும்பாலும் உண்டு. ‘மேற்படிப்பு’ என்றோ ‘பெற்றோர் விருப்பம்’ என்றோ அதில் எழுதிவிட்டு எழுத்தர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். பதினெட்டு வயதில் ஒருவர் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போது அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் எஞ்சுவது எது, அதைச் சொல்ல அவருடைய குரலே ஏன் ஏற்ற கருவியாகிறது என்பவற்றைக் கடலூர், சிதம்பரம் பகுதியை மையமாக வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலிக்கட்டுரை என்று இங்கே குறிக்கப்படுவது, ஒருவர் தம் வாழ்வின் ஒரு பகுதியைத் தாமே எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்து, தேவையான இடத்தில் சூழலின் ஓசைகளையும் பிறர் பேச்சையும் சேர்த்து, ஐந்து முதல் பதினைந்து நிமிடங்களுக்குள் அமைக்கும் ஆக்கமாகும். செய்தியறிக்கையில் பேசுபவர் யார் என்பது பொருட்டன்று. வானொலி நாடகத்தில் குரல் ஒரு பாத்திரத்துக்கு உரியது. ஒலிக்கட்டுரையிலோ எழுதியவரும் பேசுபவரும் நிகழ்ச்சிக்கு உள்ளானவரும் ஒருவரே. 1951-இல் அமெரிக்க வானொலியில் எட்வர்ட் மரோ தொடங்கிய ‘இதை நான் நம்புகிறேன்’ என்னும் வரிசை, புகழ்பெற்றோரையும் சாதாரண மனிதரையும் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களுக்குள் தம் வாழ்க்கைக் கொள்கையைத் தாமே பேசச்செய்தது. தமிழில் இதற்கு இணையான மரபு அகில இந்திய வானொலியின் உரைகளில் இருந்தது. 1938-இல் சென்னை நிலையமும் 1939-இல் திருச்சி நிலையமும் தொடங்கிய பின், எழுதிக்கொண்டுவந்து ஒலிவாங்கியின் முன் படிக்கும் பேச்சு ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. இளைஞர்களுக்கென்று ‘இளையபாரதம்’ நிகழ்ச்சியும் வந்தது. ஆனால் அந்த உரைகள் பெரும்பாலும் ஒரு பொருளைப் பற்றியவை. பேசுபவர் தம்மையே பொருளாக்கிக்கொள்வது அரிது. அவ்வாறு செய்தாலும் வாழ்வில் வென்றவரே செய்தார்.

கல்லூரி மாறுதல் தமிழில் சொல்லப்படாத அனுபவமாகவே இருந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம். கணிதமேதை இராமானுஜன் 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்; கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார்; 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார்; 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். எஃப்.ஏ. என்பது பட்டப்படிப்புக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு. 1910-இல் வேலை தேடி அவர் சென்று கண்டது அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்ற அளவில் இந்த ஆண்டுகளை அவர் கடந்துவிடுகிறார். முன்பின் அறியாத ஒருவரிடம் தம் கண்டுபிடிப்புகளைப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் இளைஞருக்கு அதைவிட விரிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது உண்மை. ஆயினும் இரண்டு கல்லூரிகளும் அவற்றுக்கு இடையிலான அந்த ஓராண்டும் அவர் வாயிலிருந்து வெளிவரவில்லை. பிற்காலத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர்களே பதிவேடுகளையும் நண்பர்களின் நினைவுகளையும் கொண்டு அவற்றை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

உ.வே. சாமிநாதையரின் நிலை வேறு. அவர் மாறியது மாணவராக அன்று, ஆசிரியராக. ஆனாலும் ஒரு கல்விச்சாலையை விட்டு மற்றொன்றுக்குப் போவதன் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ அளவுக்கு விரிவாகச் சொன்ன தமிழ் நூல் அரிது. 1880-இல் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தம் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தபோது, திருவாவடுதுறை மடத்தை விட்டுப் பிரிவது அவருக்கும் மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கும் எவ்வளவு வருத்தமாக இருந்தது என்பதை அந்நூல் பொறுமையாக விவரிக்கிறது. அவரைப் போக விட மனமில்லாதவர்களுக்கு அதில் இடம் இருக்கிறது. விட்டுவந்த ஊரைக் குறைத்துப் பேசி வந்து சேர்ந்த ஊரை உயர்த்தும் போக்கு அதில் இல்லை. அதே நூலில் ஒரு பெரிய இடைவெளியும் உண்டு. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அது 1942-இல் அவர் மறைந்ததும் நின்றுபோனது. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைத்தான் எட்டியிருந்தது. ஆகவே 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு அவர் மாறியதும், ஓய்வுக்குப் பிறகு 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்ததும் அந்நூலின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. சிதம்பரத்துக்கு அவர் வந்த அனுபவம் அவருடைய கைப்பட விரிவாகக் கிடைத்திருக்குமானால், இந்த ஊரின் கல்வி வரலாற்றுக்கு அது எவ்வளவு பெரிய கொடையாக இருந்திருக்கும் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சிதம்பரத்தில் கல்லூரிகள் தாமே மாறிய வரலாறும் நீண்டது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து எழுந்த தமிழ், வடமொழிக் கல்லூரிகளும் அதனுடன் சேர்ந்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே அண்ணாமலைநகர் என்ற பெயரில் ஒரு மாணவர் ஊரே எழுந்தது. பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாமல், தன் வளாகத்துக்குள்ளேயே கற்பித்துத் தேர்வு நடத்திப் பட்டம் தரும் உறைவிடப் பல்கலைக்கழகமாகவே அது நெடுங்காலம் இருந்தது. 2013-இல் தனிச் சட்டத்தின்வழி மாநில அரசின் பொறுப்புக்கு வந்தது. 2021-இல் இணைப்புக் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகமாக மாறி, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டங்களின் கல்லூரிகளைத் தன் கீழ் ஏற்றது. கடலூர்க் கல்லூரிகள் அதற்கு முன்பு, 2002-இல் தொடங்கப்பட்ட வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன; அதற்கும் முன்பு அவற்றுள் பல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்டிருந்தன. தேவனாம்பட்டினம் சாலையில் உள்ள பெரியார் கலைக் கல்லூரியில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் படித்திருந்தால், ஒரே வாயில் வழியாக நுழைந்த அவர்களுடைய பட்டச் சான்றிதழ்களில் வெவ்வேறு பல்கலைக்கழகப் பெயர்கள் இருக்கக்கூடும். மாணவர் நகராமலேயே அவருடைய பல்கலைக்கழகம் நகர்ந்துபோகும் இந்த நிலையும் கல்லூரி மாறுதலின் ஒரு வகையாகவே கருதத்தக்கது. அதைப் பற்றி அரசாணைகள் பேசியிருக்கின்றன, படித்தவர்கள் பேசியதில்லை.

மாணவரே நகரும் வகைக்கு வந்தால், விதிகள் அவ்வளவு எளிதாக வழிவிடுவதில்லை. பட்டப்படிப்பின் நடுவில் மாற விரும்புபவர் இரு கல்லூரி முதல்வர்களின் இசைவையும், விட்டுச்செல்லும் பக்கத்தின் தடையின்மைச் சான்றையும் பெற வேண்டும். பல்கலைக்கழகமே வேறானால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். இரு பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டு, விடுபட்ட தாள்களைக் கூடுதலாக எழுதவும் வேண்டும். இந்த அலைச்சலுக்கு அஞ்சியே பலர் ஓராண்டை இழந்து வேறிடத்தில் மறுபடியும் முதலாண்டில் சேர்ந்துவிடுகிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. அப்படியோர் அறிவிப்பு தேவைப்பட்டதே மாணவர்கள் பட்ட பாட்டைக் காட்டுகிறது. மாணவர் ஈட்டிய மதிப்பலகுகளைச் சேமித்துவைத்து நிறுவனம் விட்டு நிறுவனம் கொண்டுசெல்ல உதவும் மதிப்பலகு வங்கி என்ற ஏற்பாட்டுக்கு 2021-இல் விதிகள் வந்தன. மருத்துவக் கல்வியில் கதவு இன்னும் இறுக்கமானது. 2022-இல் போரால் உக்ரைனிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இந்தியக் கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை. வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாறிச் செல்லவே தேசிய மருத்துவ ஆணையம் இசைந்தது.

மாறுவதற்கான காரணங்களில் சிலவற்றைப் படிவம் தாங்காது. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பின் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அஞ்சிய தமிழ் மாணவர்கள் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டார்கள். 1984 ஜனவரியில் அதற்காக யாழ்ப்பாணத்தில் உண்ணாவிரதமே நடந்தது. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, கேலிவதையைத் தடை செய்யும் சட்டத்தைத் தமிழக அரசு 1997-இல் இயற்றியது. ராகிங் என்று மாணவர் வழக்கில் அறியப்படும் அந்த வதைக்கு அஞ்சிக் கல்லூரியை விட்டவர்களின் டி.சி.யிலும் ‘பெற்றோர் விருப்பம்’ என்றே எழுதப்பட்டிருக்கும். தந்தையின் கடன், அக்காவின் திருமணம், ஆங்கிலத்தில் நடந்த முதல் வகுப்பில் எதுவும் விளங்காத திகைப்பு, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமை, சாதி கேட்கப்பட்ட ஒரு மாலை ஆகிய எல்லாமே அந்த இரண்டு சொற்களுக்குள் ஒடுங்கிவிடுகின்றன.

குரல் தேவைப்படுவது இங்கேதான். கல்லூரி மாறும் மாணவருக்கு ஊரோடு பேச்சும் மாறுகிறது. சோழநாட்டுக்கும் தொண்டைநாட்டுக்கும் இடைப்பட்ட பழைய தென்னார்க்காட்டுப் பகுதி நடுநாடு எனப்படும். அதன் பேச்சுவழக்குக்குத் தனிச் செழுமை உண்டு என்பதை விருத்தாசலம் பகுதி எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ நிறுவியிருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்பிலிருந்தோ கிள்ளைக் கடற்கரையிலிருந்தோ வரும் ஒரு மாணவி, கோவையிலோ சென்னையிலோ உள்ள கல்லூரியில் ஒரு பருவம் படித்த பிறகு, எந்தச் சொல்லை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதை அறிந்துகொள்கிறாள். அறிந்ததும் அச்சொல்லை நிறுத்திக்கொள்கிறாள். அங்கே இருக்க முடியாமல் சிதம்பரத்துக்கே திரும்பினால், விட்ட சொற்கள் உடனே திரும்பிவருவதில்லை. இந்த மாற்றத்தை அவள் எழுதிக்காட்டலாம். எழுத்துத் தமிழோ எல்லாருக்கும் பொதுவான ஒரே நடையில் அதைச் சமன்செய்துவிடும். அவளே பேசும்போது கேட்பவர் விளக்கம் எதுவும் இல்லாமலே அதை உணர்ந்துகொள்கிறார். நகரத்துக் கல்லூரியைப் பற்றிப் பேசும் இடத்தில் குரல் இறுகுவதும், அம்மாவின் பேச்சைத் திரும்பச் சொல்லும் இடத்தில் நடுநாட்டு இழுவை தானாக வந்துவிடுவதும் அவள் திட்டமிட்டுச் செய்தவை அல்ல.

ஆகவே ஒலிக்கட்டுரைக்கு எழுதும் முறை அச்சுக் கட்டுரைக்கு எழுதும் முறையிலிருந்து வேறுபட வேண்டும். ‘அக்கல்லூரிச் சூழலுடன் என்னால் பொருந்த இயலவில்லை’ என்று தாளில் எழுதிப் படித்தால், அது விண்ணப்பம் போலவே ஒலிக்கும்; ‘அந்தக் காலேஜு எனக்கு ஒத்துக்கல’ என்பதில் பேசுபவரின் வயதும் ஊரும் வருத்தமும் சேர்ந்தே இருக்கின்றன. இதைச் செய்யக் கற்பவருக்குச் சொல்லத்தக்க முதல் பயிற்சி, முதலில் எழுதாமல் இருப்பது: நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முழுவதையும் வாயால் சொல்லி அதைக் கைபேசியில் பதிந்து, பிறகு கேட்டு, எந்த இடத்தில் தடுமாறியது, எந்த இடத்தில் வேகமாகக் கடந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே எழுத்துக்கு வர வேண்டும். வேகமாகக் கடந்த இடத்தில்தான் பெரும்பாலும் கட்டுரையின் உயிர் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்னும் அமைப்பு, நெருங்கிய இருவரை ஒரு சிறு அறையில் நாற்பது நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்தது. கேட்பவர் எதிரே இருந்தால் சொல்பவர் உண்மையை நெருங்குவார் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. கடலூர் மாணவருக்கு அந்தக் கேட்பவராகத் தந்தை அமைந்தால் மிக நல்லது, மிகக் கடினமும்கூட. கல்லூரியை விட்டுவந்த இரவைப் பற்றி அவர்கள் இருவரும் அதற்கு முன் பேசியே இருக்க மாட்டார்கள்.

பதிவின் கைத்தொழிலும் கவனத்துக்குரியது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைபேசியின் ஒலிவாங்கியே போதும், ஆனால் அறை முக்கியம். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள விடுதி அறையில் குரல் எதிரொலித்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். மெத்தையையும் போர்வையையும் சுவரோரம் சாய்த்துவைத்தால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். கடலூர் வெயிலில் மே மாதம் அது சிறு தண்டனை. இருந்தாலும் விசிறி ஓடினால் அதன் இரைச்சல் ஒவ்வொரு சொல்லின் அடியிலும் படிந்து, பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக நீங்காது. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சற்றுப் பக்கவாட்டில் திரும்பிப் பேசினால், ‘படிப்பு’, ‘பரீட்சை’ முதலிய சொற்களில் வரும் பகரத்தின் காற்று நேரே மோதி வெடிப்பொலி உண்டாக்காது. பேச்சு முடிந்த பின் அதே அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் தனியே பதிந்துகொள்ள வேண்டும். வெட்டி ஒட்டும்போது இரு வாக்கியங்களுக்கு இடையே அந்த அறையமைதியை வைத்தால்தான் காது இடறாது.

சூழல் ஓசைகளில் இந்தப் பகுதி செல்வம் மிக்கது. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் பயணிகள் ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று செல்லும். வெள்ளாற்றுப் பாலத்தின் மீது ஏறும்போது சக்கரத்தின் ஓசை மாறும். வீட்டிலிருந்து நாள்தோறும் போய்வரும் மாணவருக்கு அந்த ஓசைமாற்றம் கடிகாரமணிக்கு நிகர். செம்மண்டலம் முனையில் பேருந்து நடத்துநர் ஊர்ப்பெயர்களை அடுக்கும் வேகமும், வெள்ளிக் கடற்கரையின் அலையும் இரண்டு விநாடி கேட்டாலே உள்ளூர்க்காரர் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் ஓசை அலங்காரமாகிவிடக் கூடாது. துயரமான இடம் வந்ததும் புல்லாங்குழல் இசையைப் பின்னணியில் ஓடவிடும் வழக்கம், தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து இளைஞர்களின் வலையொலிகளுக்குள்ளும் வந்துவிட்டது. அது கேட்பவரிடம் எப்போது வருந்த வேண்டும் என்று உத்தரவிடுகிறது, பேசுபவரின் சொல்லை நம்ப மறுக்கிறது. இக்கட்டுரையின் கருத்தில் இசையே இல்லாத ஒலிக்கட்டுரைதான் இப்பொருளுக்கு மிகப் பொருத்தமானது.

இன்னொரு சோதனை வெற்றிக்கதையின் ஈர்ப்பு. ஒரு கல்லூரியில் தோற்றேன், மறு கல்லூரியில் வென்றேன் என்ற அமைப்பு மேடைப்பேச்சுக்குப் பழகியது; கேட்பவருக்கும் அது எளிது. மெய்யான கல்லூரி மாறுதல் அவ்வாறு இரண்டு பாதியாகப் பிரிவதில்லை. புதிய இடத்திலும் அரியர் விழுகிறது. அரியர் என்பது தவறிய தாளை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுத வேண்டிய நிலை. பழைய இடத்தில் ஒரேயொரு நல்ல பேராசிரியர் இருந்திருப்பார், அவரிடம் சொல்லாமல் வந்ததே இன்றும் உறுத்தும். நடுவில் சேர்ந்தவருக்கு, முதலாண்டிலேயே உருவாகிவிட்ட நட்பு வட்டங்களுக்குள் இடம் கிடைக்க நாளாகும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பார். இவற்றைத் தீர்வில்லாமலே சொல்லும் துணிவு வேண்டும். தேசிகரிடம் விடைபெற்றதை எழுதும்போது சாமிநாதையர் அந்தத் துணிவைக் காட்டியிருக்கிறார். கும்பகோணத்தில் கிடைத்த பெருமையால் திருவாவடுதுறையின் பிரிவை ஈடுகட்டிவிட்டதாக அவர் கணக்கு முடிக்கவில்லை.

பிறரைப் பற்றிச் சொல்லும் உரிமையின் எல்லையும் இதில் எழும். கல்லூரி மாறியவரின் கதையில் அறைத்தோழர், வதைத்த மூத்த மாணவர், கண்டுகொள்ளாத விடுதிக் காப்பாளர் ஆகியோர் வருவது இயல்பு. கேட்பவர்கள் ஊர் அறிந்தவர்கள் என்பதால், பெயரைச் சொல்லாவிட்டாலும் துறையும் ஆண்டும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். தம் அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டிய கடமை பேசுபவருக்கு இல்லை; ஆனால் மறுமொழி சொல்ல வாய்ப்பில்லாத ஒருவரைத் தம் குரலின் வலிமையால் தீர்ப்புக்கு உள்ளாக்கும்போது, கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்லும் பொறுப்பு அவருக்கு உண்டு. மற்றொருவரின் குரலையே சேர்க்கும்போது அவருடைய இசைவைப் பெறுவதுடன், வெட்டி ஒட்டிய பகுதியை அவருக்குப் போட்டுக்காட்டவும் வேண்டும்.

இத்தகைய பதிவுகள் உருவானாலும் எங்கே சேரும் என்பது கடைசிக் கேள்வி. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வளாக வானொலி இந்தியாவில் முதலாவது. அதன் பிறகு சமுதாய வானொலிகள் பல வந்தன. வானொலி ஒலிபரப்பும், பாதுகாப்பது அதன் முதல் வேலையன்று. கைபேசியில் உள்ள கோப்பு, கைபேசி பழுதானால் போய்விடும். 2004 டிசம்பர் சுனாமியிலும் 2011 டிசம்பர் தானே புயலிலும் கடலூர் வீடுகள் எத்தனையோ ஆவணங்களை நீரில் இழந்தன. மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையைக் கல்லூரி அலுவலகம் பல்லாண்டு பாதுகாக்கிறது. அதே கல்லூரியின் நூலகம், விரும்பி முன்வரும் மாணவரிடம், விலகும்போது ஒன்றும் சேரும்போது ஒன்றுமாகப் பத்து நிமிடப் பதிவைப் பெற்று, பேசியவர் வரையறுக்கும் ஆண்டுகள் கழிந்த பிறகே பிறர் கேட்கலாம் என்ற நிபந்தனையுடன் சேமிக்க முடியும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நூலகரின் அக்கறையும், இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்துவைக்கும் ஒழுங்கும் போதும். ஒலிக்கோப்புக்கு அட்டையோ முகப்போ கிடையாது என்பதால், பேசுபவர் தொடக்கத்திலேயே தேதியையும், உட்கார்ந்திருக்கும் ஊரையும், விட்ட கல்லூரி, சேர்ந்த கல்லூரி இரண்டின் பெயரையும் தம் வாயால் சொல்லிவிட வேண்டும்.